ஒரே கோட்டில் ஒரு முகம்: கிளோத் மெலான் உண்மையில் என்ன செய்தார்?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்த அளவில் முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் ஒரு இயேசு முகம் வந்திருக்கிறது. மூக்கு நுனியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் கோடு ஒன்று. கண், தாடி, முள்முடி எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளேயே தெரிகிறது. கூடவே, ‘1649-ல் கிளோத் மெலான் என்ற பிரெஞ்சுக்காரர் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்தது’ என்று ஒரு குறிப்பு. இது நிஜமா, கம்ப்யூட்டர் வேலையா, அவர் ஓவியரா செதுக்குபவரா, இதைத் தவிர வாழ்நாளில் வேறென்ன செய்தார், இன்று யாராவது இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்த மனிதர் வித்தை காட்டினாரா, இல்லை வேலை தெரிந்தவரா?

படம் நிஜம். ஆள் நிஜம். 1649-ம் நிஜம். ‘கையை எடுக்காமல்’ என்பது மட்டும் யாரோ சேர்த்துவிட்ட மசாலா. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பட்டறைக்குள் போக வேண்டியிருக்கும். நான் அச்சு ஓவியம் படித்தவன். பத்தொன்பது வருடமாகச் செம்புத் தகடும் மையும் ப்ரெஸ்ஸுமாகத்தான் பிழைப்பு. கலை வரலாற்றில் பட்டம் எதுவும் கிடையாது. அதனால் தகட்டில் கை என்ன செய்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்தும், வாழ்க்கைத் தகவல்களைப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் டிக் டிக் என்று தட்டிப் புள்ளிப் புள்ளியாக எழுத்தைக் கொண்டுவருவார்கள். மெலான் செய்தது அதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வேலை. சுத்தியல் கிடையாது. கருவிக்குப் பெயர் ப்யூரின். நாலுபக்க எஃகுக் கம்பி, நுனியைச் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். பின்னால் ஒரு மரக் குமிழ், அடிப்பக்கம் சீவி விட்டது. குமிழை உள்ளங்கையில் பதித்து, விரலால் கம்பியைப் பிடித்து, தகட்டோடு கிட்டத்தட்ட படுக்கையாக வைத்து முன்னே தள்ள வேண்டும். பேனா மாதிரி இழுப்பது இல்லை, ஏர் மாதிரி தள்ளுவது. செம்பு மெல்லிய சுருளாக எழுந்து வரும். பின்னால் ஒரு ‘வி’ வடிவப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து நிரப்பி, மேல்பரப்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், பள்ளத்து மை காகிதத்தில் ஏறும். நல்ல பிரதியில் விரலால் மெல்லத் தடவினால் கோடு புடைத்திருப்பது தெரியும்.

இதில் உங்கள் படத்துக்கு முக்கியமான விஷயம் ‘வி’ வடிவம். லேசாகத் தள்ளினால் பள்ளம் ஆழமில்லாமல் ஒடுக்கமாக இருக்கும், கோடு மயிரிழை. மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தி அழுத்தினால் ஆழமும் கூடும், அகலமும் கூடும், கோடு தடிக்கும். ஆக, ஒரே கோட்டை ஒரே ஓட்டத்தில் மெலியவும் தடிக்கவும் வைக்கலாம். மூக்கு நுனியில் தொடங்கும் அந்தச் சுழல் வெளிச்சம் விழும் இடத்தில் மெலிகிறது, நிழலில் தடிக்கிறது. மூக்கின் ஓரம், இமை, உதடு, நெற்றியில் வழியும் ரத்தத்துளி, எதற்கும் தனி வெளிக்கோடு கிடையாது. தள்ளி நின்று பார்த்தால் முகம். கிட்டே போனால் இசைத்தட்டு.

இப்போது ‘கையை எடுக்காமல்’ விஷயத்துக்கு வருகிறேன். ப்யூரினால் வளைவு வெட்டும்போது கை அனேகமாக அசையாது, தகடுதான் சுழலும். மணல் நிரப்பிய தோல் மெத்தையின் மேல் தகட்டை வைத்து, வலது கை கருவியைத் தாங்கிக்கொண்டு நிற்க, இடது கை தகட்டைக் கருவியை நோக்கித் திருப்பிக்கொண்டே வரும். ஒரு வட்டத்துக்குள்ளேயே பலமுறை நிறுத்திக் கையை மாற்ற வேண்டும். நுனி மழுங்கும், எடுத்துத் தீட்ட வேண்டும். பள்ளத்தின் ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டியால் வழிக்க வேண்டும். தடித்த பகுதிகளை ஒரே தள்ளலில் கொண்டுவர முடியாது, போன பள்ளத்திலேயே திரும்பப் போய் அகலப்படுத்த வேண்டும். தகட்டின் அளவு ஏறத்தாழ 43-க்கு 32 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால்கூட மொத்தக் கோட்டின் நீளம் 130 மீட்டரைத் தாண்டும். இதை யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் செய்ய முடியாது. எத்தனை முறை எடுத்தார் என்பது காகிதத்தில் தெரியாதபடி செய்ததுதான் சாமர்த்தியம். ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலேயே, விட்ட ஆழத்திலேயே நுனியைத் திரும்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தகட்டில் ஒரு வட்டம் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சின்னக் குறும்பும் உண்டு. யாரும் இதைச் சொல்வதில்லை. சுழல் வட்டமானது, தகடு செவ்வகம். சுழல் பெரிதாகிக்கொண்டே போய் இரண்டு பக்க விளிம்பைத் தொட்டதும் அதற்கு மேல் சுற்ற இடமில்லை. அப்புறம் மேலும் கீழும் மூலைகளிலும் நீங்கள் பார்ப்பதெல்லாம் விளிம்பில் வெட்டுப்பட்ட வில்கள். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வழியே இல்லை. ‘ஒரே கோடு’ என்ற பேச்சு முகத்துக்கு முழு உண்மை, படத்தின் ஓரங்களுக்குப் பாதி உண்மை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு என்னவோ இது தெரிந்த பிறகு அவர் மேல் மரியாதை கூடித்தான் போனது. வட்டம் விளிம்பில் முட்டிய பிறகும் கோடு போய்க்கொண்டிருப்பதாகவே கண்ணை நம்பவைக்கிறார்.

படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். லத்தீனில் ‘ஃபோர்மாத்துர் யூனிகுஸ் ஊனா’ என்று இருக்கும். ‘ஒப்பற்ற ஒருவர் ஒன்றினால் உருவாகிறார்’ என்று பொருள் சொல்லலாம். அதற்குக் கீழே ‘நோன் ஆல்தெர்’, ‘வேறொருவர் இல்லை’. சிலேடைதான். ஒப்பற்ற ஒருவர் என்பது கிறிஸ்து. ‘ஒன்று’ என்பது பெண்பால் சொல், அதனால் கோட்டையும் குறிக்கலாம், கன்னி மரியாளையும் குறிக்கலாம். வேறொருவர் இல்லை என்பது கடவுளைப் பற்றியா, கோட்டை வெட்டியவரைப் பற்றியா? மனிதர் இரண்டையும் மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார் என்பது என் ஊகம். இந்தச் சொற்களும் தனியாக எழுதப்பட்டவை இல்லை. சுழல் கோடே அந்தந்த இடத்தில் தடித்து எழுத்தாகிறது. அச்சில் நேராக வர வேண்டுமானால் தகட்டில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொண்ட பொருளையும் கவனியுங்கள். சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஆறாம் நிலை தெரிந்திருக்கும். சிலுவை சுமந்து போகும் இயேசுவின் முகத்தை வெரோணிக்கா துணியால் துடைக்கிறார், முகம் துணியில் பதிந்துவிடுகிறது. மெலானின் படம் காட்டுவது அந்தத் துணியைத்தான். வரையாமல், ஒற்றி எடுத்ததால் வந்த உருவம். அதாவது கதையில் வரும் அந்தத் துணியே ஓர் அச்சுப் பிரதி! ஈரமான ஒன்றின் மேல் அழுத்தி எடுத்த முகத்தை, ஈரக் காகிதத்தின் மேல் அழுத்தி எடுக்கும் கலையால் காட்டுகிறார். வித்தையா என்று கேட்டீர்களே, வெறும் வித்தை காட்டுபவர் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். ஒரு ரோஜாவையோ குதிரையையோ சுழலில் வெட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருப்பார்.

சரி, ஆளைப் பற்றிப் பேசுவோம். மெலான் வட பிரான்சில் பிக்கார்தி பகுதியின் அப்வில் என்ற ஊரில் 1598-ல் பிறந்தார். இருபது வயதை ஒட்டிப் பாரிஸில் செதுக்குவேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்துப் பாரிஸ் செதுக்குபவர்களின் பாணி நெருக்கமாக, கறாராக, கொஞ்சம் உலர்ந்து இருக்கும். அவருடைய ஆரம்ப வேலைகளும் அப்படித்தான். அதிலேயே இருந்திருந்தால் நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். 1624-ல் ரோமுக்குப் போனார். அங்கே பிரான்செஸ்கோ வில்லமேனா என்ற பெரிய செதுக்குநரிடம் கற்றுக்கொள்ளத்தான் போனார். ஆனால் அதே வருடம் வில்லமேனா இறந்துவிட்டார். ரோமில் அப்போது பிரெஞ்சு ஓவியர்களுக்கு அண்ணன் மாதிரி இருந்தவர் சிமோன் வுவே. அவரிடம் ஒட்டிக்கொண்டார். வுவே கற்றுக்கொடுத்தது ஓவியன் பார்வை: தகட்டைத் தொடும் முன் கறுப்புச் சுண்ணத்தில் ஆளைப் பார்த்து வரை, நிறைய வரை. மெலானின் முகச் சித்திரங்கள் பல இன்றும் இருக்கின்றன. பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிட்டாஜிலும் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்புகள் உண்டு. சின்னச் சின்னத் தலைகள், மெல்லிய சுண்ணக் கோடு, ஆள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ரோமில்தான் அவருடைய கோடு மாறியது. இதுதான் வாழ்க்கையின் நடுப்புள்ளி என்பேன், 1649 இல்லை. வழக்கமாகச் செதுக்குபவர்கள் நிழலைக் கொண்டுவரக் கோட்டின் மேல் கோட்டைக் குறுக்கே வெட்டுவார்கள், வலை மாதிரி. இன்னும் இருட்டு வேண்டுமா, மூன்றாவது அடுக்கு. மெலான் குறுக்குக் கோட்டைப் படிப்படியாகக் கைவிட்டார். ஒரே திசையில் இணையாக ஓடும் கோடுகள், தேவையான இடத்தில் தடிக்கும், மெலியும், அவ்வளவுதான். தடித்து மெலியும் கோடு அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஹாலந்தில் கோல்ட்ஸியுஸ் என்ற செதுக்குநர் அதை வைத்து முந்தைய தலைமுறையிலேயே ஜாலம் காட்டியிருந்தார், வில்லமேனாவுக்கும் தெரியும். அந்தக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடும் துணிச்சல்தான் மெலானுடையது. குறுக்குக் கோடு தப்பை மறைக்கும். ஒரு கோடு கொஞ்சம் பிசகினால் மேலே இன்னொன்றைப் போட்டுச் சரிக்கட்டலாம். ஒற்றைக் கோட்டில் பிசகு அப்படியே நிற்கும்.

ரோமில் அவருக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை. செல்வந்தர் ஜுஸ்தினியானி தன் பழஞ்சிலைத் தொகுப்பை அச்சில் கொண்டுவர ஆட்களைச் சேர்த்தபோது மெலானும் அதில் ஒருவர். வெள்ளைப் பளிங்கின் உருட்சியை ஒற்றைக் கோட்டில் காட்டப் பழகியது அங்கேதான் என்று தோன்றுகிறது. போப் எட்டாம் உர்பான் கவிதை எழுதுபவர். அவர் கவிதைத் தொகுப்பின் 1631 பதிப்புக்குச் சிற்பி பெர்னினி வரைந்து கொடுத்த படத்தை, தாவீது சிங்கத்தின் கழுத்தை நெரிக்கும் காட்சியை, செதுக்கியவர் மெலான். இந்தப் போப்பின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1633-ல் கலிலியோவை விசாரித்துத் தண்டித்தது இவர் காலத்துத் திருச்சபைதான்.

ஏனென்றால் அடுத்த அத்தியாயம் நிலா. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. வெரோணிக்கா துணிக்குக் கிடைக்கும் புகழில் கால்வாசிகூட இதற்குக் கிடைப்பதில்லை. 1636-ல் ரோமை விட்டுப் பிரான்சுக்குத் திரும்பும் வழியில், தெற்கே எக்ஸ் நகரத்தில் பெய்ரெஸ்க் என்பவர் வீட்டில் தங்கினார். பெய்ரெஸ்க் தொழிலால் நீதிமன்ற ஆலோசகர், ஆர்வத்தால் எல்லாமும். ஐரோப்பா முழுக்க அறிஞர்களோடு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியவர், கலிலியோவுக்காக ரோமுக்குப் பரிந்து எழுதியவர். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் பியேர் கசாந்தி. 1631-ல் புதன் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதை முதன்முதலில் பார்த்துப் பதிவு செய்த வானியலாளர் அவர்தான்.

இவர்களுக்கு நிலா மேல் அக்கறை வந்தது அழகுக்காக இல்லை, கணக்குக்காக. சந்திர கிரகணத்தை உலகில் எங்கிருந்து பார்த்தாலும் பூமியின் நிழல் ஒரே கணத்தில்தான் நிலாவின் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தொடும். அந்தக் கணத்தில் இரண்டு ஊர்களின் உள்ளூர் நேரத்தை ஒப்பிட்டால், ஒரு மணி வித்தியாசத்துக்கு 15 பாகை என்று இரண்டுக்கும் இடையிலான தீர்க்கரேகை வித்தியாசம் கிடைத்துவிடும். 1635 ஆகஸ்டு 28-ம் தேதி கிரகணத்தை மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல ஊர்களில் ஆள் வைத்துப் பார்க்கச் சொன்னார் பெய்ரெஸ்க். வந்த கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், வரைபடங்களில் அந்தக் கடல் நிஜத்தைவிட சுமார் 1000 கிலோமீட்டர் அதிக நீளமாக இருந்தது தெரிந்தது! ஆனால் நிழல் எந்தப் புள்ளியைத் தொட்டது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே. அதற்கு நிலாவுக்கு ஒரு வரைபடம் வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தொலைநோக்கி முன் உட்கார வைத்துவிட்டார்கள்.

மெலான் பார்த்தார், வரைந்தார், மூன்று தகடுகள் வெட்டினார்: வளர்பிறைப் பாதி, முழு நிலா, தேய்பிறைப் பாதி. கலிலியோ 1610-ல் வெளியிட்ட நிலாப் படங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலிலியோவுடையது வாதம், ‘பாருங்கள், நிலாவில் மேடு பள்ளம் இருக்கிறது’ என்று நிரூபிக்க வரைந்தது. மெலானுடையது முகச் சித்திரம். ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் குழிகளின் விளிம்பு பளிச்சென்று எழுந்து நிற்பதும், கருமையான சமவெளிகள் அழுக்குப் படிந்த மாதிரி கிடப்பதும், இன்று சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் தெரிவது போலவே இருக்கிறது. குறுக்குக் கோடு போட்டிருந்தால் இந்த மென்மை வந்திருக்காது. ரோமில் பளிங்குச் சிலையில் பழகிய கோடு வானத்திலிருந்த பளிங்கு உருண்டைக்குச் சரியாகப் பொருந்தியது. 1637 ஜூனில் பெய்ரெஸ்க் இறந்தார். திட்டம் மூன்று படங்களோடு நின்றது. பத்து வருடம் கழித்து, 1647-ல், டான்ஸிக் நகரத்து வானியலாளர் ஹெவேலியுஸ் முழு நிலா நூலையே வெளியிட்டு அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார். ஹெவேலியுஸ் படங்களில் தகவல் அதிகம். நிலா அதிகமாக இருப்பது மெலானிடம்தான். இது வானியலாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லாத, என் சொந்தத் தீர்ப்பு.

அதற்குப் பிறகு பாரிஸ், ஐம்பது வருடம். இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வாழ்க்கை நிலைபெற்றுவிட்டது. அரசரின் செதுக்குநர் என்ற பட்டம், லூவர் அரண்மனையில் கலைஞர்களுக்கு ஒதுக்கிய குடியிருப்பில் இடம். 1640-ல் பிரான்சின் முதல் அமைச்சர் ரிஷ்லியு தொடங்கிய அரச அச்சகத்தின் முதல் வருடங்களில் வெளிவந்த லத்தீன் கவிஞர்கள் வெர்ஜில், ஹொராஸ் ஆகியோரின் நூல்கள், விவிலியம் ஆகியவற்றுக்கு ஓவியர் பூஸான் முகப்புப் படம் வரைந்தார், மெலான் செதுக்கினார். ரிஷ்லியு, கசாந்தி, பெய்ரெஸ்க் என்று அந்தக் காலத்துப் பெரிய தலைகள் பலவற்றின் முகம் நமக்குத் தெரிவதில் இவருக்குப் பங்குண்டு. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் பதினான்காம் லூயியின் சிலைத் தொகுப்பைச் செதுக்கும் பெரிய வேலையில் இருந்தார். 1688-ல், தொண்ணூறு வயதில், பாரிஸில் இறந்தார். மொத்தம் ஏறத்தாழ 400 தகடுகள்.

ஓவியரா, செதுக்குபவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓவியமும் தீட்டினார் என்பது உறுதி. அச்சுப் பிரதிகளின் அடியில் இருக்கும் சின்ன எழுத்துகளைப் படிக்கப் பழகினால் இது புரியும். ‘பிங்க்ஸிட்’ என்றால் இவர் தீட்டியது, ‘இன்வெனிட்’ என்றால் கற்பனை இவருடையது, ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் இவர் செதுக்கியது. வழக்கமாக முதல் சொல்லுக்கு ஒருவர் பெயரும் கடைசிச் சொல்லுக்கு இன்னொருவர் பெயரும் இருக்கும். மெலானின் பல பிரதிகளில் இரண்டுக்கும் இவர் பெயரே. ரோமில் ‘கால்லுஸ்’, அதாவது பிரெஞ்சுக்காரன், என்றும் சேர்த்துக்கொள்வார். வெரோணிக்கா துணியிலும் கையெழுத்தில் கால்லுஸுக்கு ‘ஜி’யும் பிங்க்ஸிட்டுக்கு ‘பி’யும் உண்டு, ‘அரச மாளிகையில்’ என்று லூவரைக் குறிக்கும் சொல்லும் உண்டு. ஆனால் அவர் தீட்டிய ஓவியங்கள் அனேகமாக எல்லாமே காணாமல் போய்விட்டன. இன்று அவர் பெயரில் சொல்லப்படும் ஓரிரண்டு ஓவியங்கள், அவருடைய அச்சுப் பிரதியோடு ஒத்துப்போகின்றன என்பதை வைத்துச் சொல்லப்படுபவை, அதனால் அவற்றைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஓவியர் மெலான் நமக்குக் கிடைப்பது செதுக்குநர் மெலான் வழியாகத்தான். நிறம் எப்படி இருந்தது என்பது போயே போய்விட்டது.

இந்த இரட்டை அடையாளம் அந்தக் காலத்தில் வெறும் பெருமை விஷயம் இல்லை. செதுக்குவது கைவேலையா, கலையா என்பது சட்டப் பிரச்சினை. கைவேலை என்றால் தொழில் சங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். 1660-ல் பதினான்காம் லூயி வெளியிட்ட ஓர் ஆணைதான் செதுக்குக்கலை சுதந்திரமான கலை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னால் நின்றவர் ரோபெர் நாந்தேய், மெலானைவிட ஒரு தலைமுறை இளையவர், முகச் சித்திரத்தில் மெலானையே பின்னுக்குத் தள்ளியவர். நாந்தேய் சின்னச் சின்னக் கீற்றும் புள்ளியும் வைத்துத் தோலின் கதகதப்பைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்த கண்ணுக்கு மெலானின் முகங்கள் கொஞ்சம் வெளிறி, வெள்ளியில் வார்த்தது போலத் தெரிந்திருக்கும். அந்தக் குறை நியாயமானது. ஒற்றைக் கோட்டால் ஆழ்ந்த இருட்டைத் தொட முடியாது. எவ்வளவு தடித்தாலும் கோட்டுக்குக் கோடு நடுவில் காகிதத்தின் வெள்ளை மிச்சம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது கோடே இல்லை, மைத் திட்டு. இந்த எல்லை தெரிந்தேதான் இவர் வெளிச்சம் பக்கம் சாய்ந்தார் என்று நினைக்கிறேன்.

நல்ல பிரதியைப் பார்க்க நினைத்தால், வாட்ஸாப் படம் உதவாது. அதில் கோடுகள் ஒன்றோடொன்று மோதி, இல்லாத அலை வளையங்கள் எல்லாம் திரையில் தெரியும். கம்ப்யூட்டர் வேலையோ என்று உங்களுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான் இருக்கும். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இரண்டும் இந்தப் படத்தின் பெரிய ஸ்கேனை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. மூக்கு நுனியைப் பெரிதாக்குங்கள். அங்கே கோடு கிட்டத்தட்ட ஒரு முற்றுப்புள்ளி அளவில் தொடங்கும். அப்படியே விரலால் நகர்த்திக்கொண்டு இடது கண் வரை வாருங்கள். விழியின் கருமைக்குள் கோடு எங்கே வீங்கி எங்கே திரும்ப இளைக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இன்று யாராவது இதைச் செய்ய முடியுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். கோட்டின் தடிமனைக் கணக்குப் போட்டுச் சுழல் படம் தரும் மென்பொருள் இருக்கிறது, ஒரு போட்டோவைக் கொடுத்தால் சில நொடியில் தந்துவிடும். கையால் என்றால், காகிதமும் தூரிகைப் பேனாவும் வைத்து முயன்று பாருங்கள். கையைச் சுற்றாதீர்கள், காகிதத்தைச் சுற்றுங்கள். செம்பில் நானும் ஒருமுறை துணிந்தேன், மாணவனாக இருந்தபோது, உள்ளங்கை அகலத் தகட்டில், கூட இருந்த நண்பன் முகத்தை. மூக்கு வந்தது. மேலுதடு வந்தது. ஒரு பக்கக் கண்ணும் ஏறக்குறைய வந்தது. மறுபக்கக் கண்ணுக்குப் போகும் வளைவில் ப்யூரின் வழுக்கி, தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டு, இடது கட்டைவிரலின் அடியில் போய் நின்றது. அந்தத் தகடு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அச்செடுத்தால் ஒரு மூக்கும், ஒன்றரைக் கண்ணும், குறுக்கே ஒரு கோடும் வரும்.